அம்பு விஷத்தை ஊசியில் ஏற்றுகிறார்களா?

வீராம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். வயது ஐம்பத்தெட்டு. மீன் கூடை சுமந்து சுமந்து உரமேறிய தோள். பித்தப்பையில் கல். ‘லேப்ராஸ்கோபி பண்ணிடலாம்’ என்று நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு நான்கு நாள் இருக்கும்போது என்னைத் தேடி வந்துவிட்டார்.

“டாக்டரய்யா, கஷாயத்துலயே கல்லைக் கரைச்சுடுங்க. அந்த ஊசி எனக்கு வேணாம்.”

“எந்த ஊசிம்மா?”

“நர்சிங் படிக்கிற பேத்தி சொல்லிச்சு. மயக்கத்துக்கு ஒண்ணு போடுவாங்களாம். அப்புறம் கை கால் அசையாம இருக்க இன்னொண்ணு. அது காட்டுக்காரங்க அம்புல தடவுற விஷமாம். மூச்சே நின்னு போயிடுமாமே!”

பேத்தி சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய்யில்லை. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பித்தப்பையில் அடைத்துக்கொண்டு வலி கொடுக்கும் கல்லைக் கஷாயத்தால் கரைக்கிறேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அந்த அம்மாவுக்கும் கொடுக்கவில்லை. மீதிக் கதையை மட்டும் சொல்லி அனுப்பினேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் நாளை யாராவது ஆபரேஷன் டேபிளில் படுக்க வேண்டி வரலாம்.

நரம்புக்கும் தசைக்கும் நடுவே ஓர் ஆறு

கையை மடக்க நினைக்கிறீர்கள். மூளையிலிருந்து உத்தரவு நரம்பு வழியாக ஓடி வருகிறது. நரம்பு நேராகத் தசைக்குள் நுழைந்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. நரம்பின் நுனிக்கும் தசைக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு! மின்சாரமாக வந்த உத்தரவு அந்தக் கரையோடு நின்றுவிடும். அதற்குமேல் படகில்தான் போயாக வேண்டும். அரிக்கமேட்டுப் பக்கம் ஆற்றைக் கடக்க எப்படிப் படகு வேண்டுமோ, அப்படி.

அந்தப் படகின் பெயர் அசிட்டைல்கோலின். நரம்பு நுனியில் சின்னச் சின்னப் பைகளில் அது காத்திருக்கிறது. உத்தரவு வந்ததும் பைகள் உடைந்து, ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் அக்கரைக்குப் பாய்கின்றன. தசையின் கரையில் அவற்றை ஏற்றுக்கொள்ளத் துறைகள் இருக்கின்றன. டாக்டர்கள் இவற்றை ரிசெப்டார் என்பார்கள், தமிழில் ஏற்பி.

ஏற்பி எப்படி இருக்கும்? உங்கள் வலது கையின் ஐந்து விரல்களையும் நுனி சேர்த்துக் குவியுங்கள். நடுவே ஒரு துளை வருகிறதல்லவா? ஏற்பியும் இப்படி ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று, நடுவில் ஒரு துளையை மூடி வைத்திருக்கும் அமைப்புதான். அதில் இரண்டு இடங்களில் மட்டும் குழி உண்டு. இரண்டு குழியிலும் ஆளுக்கொரு அசிட்டைல்கோலின் வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் துளை திறக்கும், சோடியம் உப்பு உள்ளே பாயும், தசை சுருங்கும். ஒன்று மட்டும் உட்கார்ந்தால் கதவு திறக்காது.

வேலை முடிந்ததும் அசிட்டைல்கோலின் அங்கேயே தங்கிவிட்டால் தசை சுருங்கியபடியே நின்றுவிடுமே? அதற்காக அந்த இடைவெளியிலேயே ஒரு நொதி காவல் இருக்கிறது. வந்ததைக் கண் இமைப்பதற்கு வெகு முன்பே வெட்டித் துண்டாக்கிவிடும். இந்த நொதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழியில் உட்காரும் பொய்யான ஆள்

தென் அமெரிக்க அமேசான் காட்டு மக்கள் ஒருவகைக் கொடியின் பட்டையைக் காய்ச்சிக் குழம்பாக்கி அம்பு நுனியில் தடவுவார்கள். அதுதான் குராரே. அதிலுள்ள சத்து உடம்புக்குள் போனால் நேரே இந்த ஏற்பியின் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்காருவதோடு சரி, கதவைத் திறப்பதில்லை. உண்மையான ஆள் வந்தால் உட்கார இடம் கிடையாது. இரண்டு குழிகளில் ஒன்றை அடைத்தாலே போதும், அந்த ஏற்பி வேலை செய்யாது.

நரம்பு கெடவில்லை. தசையும் கெடவில்லை. நடுவில் படகுத்துறை மட்டும் அடைபட்டிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இயற்கை நமக்குக் கொடுத்திருக்கும் கையிருப்பு தாராளமானது. நூற்றில் எழுபது எழுபத்தைந்து ஏற்பிகள் அடைபடும் வரை தசையில் பலவீனமே வெளியே தெரியாது. அதைத் தாண்டினால் மளமளவென்று சரியும். முதலில் இமை தொங்கும், பார்வை இரண்டிரண்டாகத் தெரியும். பிறகு முகம், தொண்டை, கழுத்து, கை கால். மூச்சு விட உதவும் உதரவிதானம் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அதுவும் நின்றால் ஆள் போய்விடுவார். எதனால்? விஷத்தால் அல்ல, மூச்சில்லாததால். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் இன்றைய அறுவை சிகிச்சையே நிற்கிறது.

1814இல் லண்டனில் ஒரு பெண் கழுதையை வைத்து இதைச் சோதித்தார்கள். சார்லஸ் வாட்டர்ட்டன் என்பவர் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அந்த விஷத்தைக் கழுதையின் தோளில் ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் பிணம் போலச் சாய்ந்தது. உடனே மூச்சுக்குழாயில் ஓட்டை போட்டு, துருத்தியால் காற்றை ஊத ஆரம்பித்தார்கள். கொல்லன் பட்டறைத் துருத்தி போன்றதுதான்! இரண்டு மணி நேரம் ஊதினார்கள். விஷத்தின் வேகம் தணிந்ததும் கழுதை தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்கு ‘வூராலியா’ என்று பெயர் சூட்டி வளர்த்தார் வாட்டர்ட்டன். 1839 வரை, அதாவது இன்னும் இருபத்தைந்து வருஷம், புல் மேய்ந்துகொண்டு இருந்தது.

விஷத்துக்கு மாற்று மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

பிறகு பிரான்சில் க்ளாத் பெர்னார் என்ற மேதை தவளைகளை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். தவளையின் ஒரு காலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தை மட்டும் கட்டிவிட்டு, உடம்பில் விஷத்தை ஏற்றினார். உடம்பு முழுக்க அசைவற்றுப் போனது, விஷம் போகாத அந்த ஒரு கால் தவிர. விஷம் ஏறிய பக்கத்தில் கிள்ளினால் அந்த ஒரு கால் உதைத்தது. அப்படியென்றால் தவளைக்கு வலி தெரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை! இதைப் படித்தபோது எனக்குச் சொரேர் என்றது. மனிதருக்கும் இது அப்படியே பொருந்தும் என்பதை 1947இல் அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற டாக்டர் தன் உடம்பிலேயே காட்டினார். மயக்க மருந்து இல்லாமல் இந்த மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிறர் கொடுக்க, ஒரு விரல் கூட அசையாமல் கிடந்தார். எழுந்த பிறகு நடந்தது, பேசியது எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

அதனால்தான் ஆபரேஷனில் தூங்க வைக்கும் மருந்து தனி, தசையைத் தளர்த்தும் மருந்து தனி. முதலாவதைக் கொடுத்துத் தூங்க வைத்த பிறகே இரண்டாவது. மயக்க மருந்து டாக்டர் உங்கள் தலைமாட்டை விட்டு நகராமல் நிற்பதும் அதற்காகத்தான்.

1942 ஜனவரி 23ஆம் தேதி, கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹெரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் என்ற இரு டாக்டர்கள், குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் இளைஞருக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். அது ஒரு ஹோமியோபதி ஆஸ்பத்திரி என்பது ருசிகரமான செய்தி! அதற்கு முன்பெல்லாம் வயிற்றுத் தசை தளர வேண்டுமானால் ஈதர் மயக்கத்தை ஆபத்தான ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த மருந்து வந்ததும் லேசான தூக்கமே போதும் என்றாயிற்று. இன்று பழைய குராரே சத்தை யாரும் போடுவதில்லை. வெக்குரோனியம், ரோக்குரோனியம், அட்ராக்கூரியம் என்று ஆலையில் செய்த மருந்துகள் வந்துவிட்டன. அட்ராக்கூரியம் ரத்தத்தில் தானாகவே உடைந்துபோகும். அதனால் கிட்னி, கல்லீரல் கெட்டவர்களுக்கும் கொடுக்கலாம். ஆனால் எல்லாம் உட்காருவது அதே குழியில்தான்.

நம் வேலியில் படரும் உறவுக்காரர்கள்

சித்த மருத்துவனாகிய எனக்கு இதில் ஒரு தனி சுவாரஸ்யம். அந்த அமேசான் கொடி யாருடைய சொந்தக்காரன் தெரியுமா? நம் சீந்தில் கொடிக்கு! ஒரே குடும்பம். சிறு வயதில் கட்டுக்கொடி இலையைத் தண்ணீரில் கசக்கி வைத்து, அது அல்வா போல உறைவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். மரமஞ்சளும் அப்படியே. குளத்தில் மீனை மயக்கிப் பிடிக்கப் போடும் காக்கைக்கொல்லி விதையும் இதே வம்சம். ஆனால் அது மூளையைத் தூண்டி வலிப்பை வரவழைக்கும், தசையைத் தளர்த்தாது. அமேசானில் சில இடங்களில் எட்டி மரத்தின் தங்கை முறை ஆகும் இன்னொரு கொடியிலும் குராரே காய்ச்சுகிறார்கள். நம் எட்டிக்கொட்டையோ உடம்பை வில்லாக வளைத்து இழுக்கும் விஷம். அக்கா முறுக்குகிறாள், தங்கை தளர்த்துகிறாள்! குடும்பத்தைப் பார்த்து மூலிகையின் குணத்தைச் சொல்லிவிட முடியாது என்று பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்கு நஞ்சு நூல் எடுத்த ஆசிரியர் அடிக்கடி எச்சரிப்பார்.

நம் பொன்முசுட்டை இருக்கிறதே, அதுவும் சீந்தில் குடும்பம். அதன் வேரில் ஹயாட்டின் என்றொரு சத்து உண்டு. 1953இல் பிரதான், டே என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள், ஹயாட்டினை மீத்தைல் அயோடைடோடு சேர்த்துச் செய்த பொருள் குராரே போலவே தசையைத் தளர்த்துகிறது என்று லண்டன் மருந்தியல் இதழில் எழுதினார்கள். இன்றைய ஆபரேஷன் தியேட்டர்களில் அந்த மருந்து இல்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

‘ஐயோ, நான் பொன்முசுட்டைக் கஷாயம் குடித்திருக்கிறேனே!’ என்று பதற வேண்டாம். வேரில் இருப்பது வேறு, ரசாயன மாற்றம் செய்து ஊசியில் ஏற்றுவது வேறு. அம்பு பட்டு விழுந்த மிருகத்தை அந்தக் காட்டு மக்கள் சமைத்துச் சாப்பிடத்தான் செய்கிறார்கள். ஒன்றும் ஆவதில்லை. இந்த வகைப் பொருள்கள் மின்னேற்றம் உள்ளவை. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது மிகவும் குறைவு. அதே காரணத்தால்தான் மூளைக்குள்ளும் நுழைவதில்லை, நினைவும் போவதில்லை. அதே காரணத்தால் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதும் சொற்பம். சிசேரியனில் அம்மாவின் தசை தளர்ந்து கிடக்கும்போதே குழந்தை வீல் என்று அழுகிறதே!

வலையில் வரும் குராரே

வீராம்பட்டினம் அம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது, “அம்பு விஷம் தெரியாது. கடல்பாம்பு தெரியும்” என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. நல்லபாம்பு, கடல்பாம்பு இரண்டின் விஷத்திலும் உள்ள நரம்பு நஞ்சு, அதே ஏற்பியின் அதே குழியில் உட்காருகிறது. குராரேயை விடக் கெட்டியாக. கடல்பாம்பு விஷம் கூடவே தசையையும் சிதைக்கும். உடம்பு அடித்துப் போட்டது போல வலிக்கும், சிறுநீர் கறுத்துப் போகும். மீன் வலையோடு வரும் ஒரு வகைக்கு வலகடியன் என்று பெயர். ஐரோப்பியர் எழுதிய பழைய விலங்கியல் பட்டியல்களில் அந்தத் தமிழ்ப் பெயரே அறிவியல் பெயராகவும் ஏறியிருக்கிறது.

இருபது வருஷம் இருக்கும். விடியற்காலையில் வலையைப் பிரிக்கும்போது ஒரு பையனைக் கடல்பாம்பு கடித்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. எறும்பு கடித்தது போல இரண்டு புள்ளி. சிரித்துக்கொண்டே உதறிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். பத்து மணிக்கு எழுப்பினால் கண் திறக்கவில்லை, நாக்கு குழறுகிறது. ‘குடிச்சிருக்கான்’ என்று விட்டுவிட்டார்கள். பிறகு ஒருவரிடம் மந்திரிக்கப் போனதில் இன்னும் ஒரு மணி நேரம் போயிற்று. என்னை அழைத்தபோது வீட்டில் அழுகைச் சத்தம்.

இமையை விரலால் தூக்கிப் பார்த்தேன். விழி அசையவில்லை. ஆனால் நாடி ஓடுகிறது. “தம்பி, நான் பேசறது கேட்டா பெருவிரலை அசை” என்றேன். கால் பெருவிரல் துளி அசைந்தது. அவ்வளவுதான். என்னிடம் அதற்கு மருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். மூச்சு மட்டும் வேண்டும். வண்டியில் ஏற்றி, அவன் அண்ணன் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே வர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வென்டிலேட்டரில் போட்டார்கள். மூன்றாம் நாள் இமை திறந்தது.

தேறி வந்த பிறகு என்னிடம் அவன் சொன்னது: “எல்லாம் கேட்டுச்சு சார். ‘முடிஞ்சுபோச்சு’ன்னு சித்தப்பா அழுததுகூட.”

கடல்பாம்பு கடித்தவர் எல்லோருக்கும் விஷம் ஏறிவிடாது. பெரும்பாலான கடிகளில் விஷம் இறங்குவதே இல்லை என்று 1950களில் பினாங்கில் அலிஸ்டர் ரீட் என்ற டாக்டர் நூற்றுக்கணக்கான மீனவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் யாருக்கு ஏறும், யாருக்கு ஏறாது என்று கடித்த நிமிஷத்தில் நாம் சொல்ல முடியாது. வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருந்தால் அது கடல்பாம்பு, வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு மட்டுமே செய்தது. அதற்கு வேண்டிய விஷத்தை 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். கடல்பாம்பு அந்த நான்கில் இல்லை. ஆகவே கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மூச்சைத் தாங்கும் இயந்திரம்தான் மருந்து. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். எச்சில் உள்ளே இறங்காதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் ஊதுங்கள், ஆஸ்பத்திரி வாசல் வரை நிறுத்தாமல் ஊதுங்கள். அவர் காதில் விழுமாறு பயமுறுத்தும் பேச்சு வேண்டாம்.

அடைத்ததைத் திறப்பது எப்படி?

ஆபரேஷன் முடிந்ததும் மருந்தின் வேகம் தானாகவே குறையும். சீக்கிரம் குறைக்க ஒரு தந்திரம் உண்டு. அசிட்டைல்கோலினை வெட்டும் நொதியை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதைக் கொஞ்ச நேரம் கட்டிப்போட்டால் அசிட்டைல்கோலின் குவியும். குவிந்தால், பொய் ஆளைத் தள்ளிவிட்டு உண்மை ஆள் குழியைப் பிடிப்பார். நியோஸ்டிக்மின் ஊசி செய்வது இதைத்தான். கூடவே இதயத் துடிப்பு குறைந்துவிடாமல் இருக்க அட்ரோபின் போன்ற ஒன்றும் கொடுப்பார்கள். நல்லபாம்புக் கடியில் இமை தொங்கி வருபவர்களுக்கும் இந்த இரண்டையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். கட்டுவிரியன் விஷம் பெரும்பாலும் நரம்பு நுனியையே கெடுத்துவிடுவதால் அங்கே இந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது. நாள்கணக்கில் வென்டிலேட்டர்தான். ரோக்குரோனியம், வெக்குரோனியம் இரண்டுக்கும் இப்போது சுகமாடெக்ஸ் என்ற மருந்து வந்திருக்கிறது. அது ஏற்பிப் பக்கமே போவதில்லை. ரத்தத்திலேயே மருந்தைச் சுற்றி வளைத்துப் பொட்டலம் கட்டிவிடுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் வந்து பத்துக் கேள்வி கேட்பார். ‘ஒண்ணுமில்லை சார்’ என்று தலையாட்டிவிடாதீர்கள். சாயங்காலமானால் இமை தொங்குவது, மென்று தின்னும்போதே தாடை ஓய்ந்துபோவது இருந்தால் சொல்லுங்கள். தன் உடம்பே தன் ஏற்பிகளை அழிக்கும் மயஸ்தீனியா என்ற நோயாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமான அளவில் சிறு பங்கே அதிகமாகிவிடும். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்தும் வெகு நேரம் மூச்சு திரும்பாமல் இருந்ததா? அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சக்சமெத்தோனியம் என்று இன்னொரு வகைத் தளர்த்தி மருந்து உண்டு. அது குராரே வகை அல்ல. அதை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. நம் பக்கத்தில் ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறை கூடுதலாக இருப்பதையும், அதற்கான மரபணு மாற்றத்தையும் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். அந்தக் குடும்பத்தவர் தயங்காமல் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்களிடம் வாங்கும் சூரணம், லேகியம், எட்டிக்கொட்டை சேர்ந்த மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ‘சித்த மருந்துன்னு சொன்னா டாக்டர் திட்டுவார்’ என்று மறைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திட்டினால் திட்டட்டுமே! பெயர் தெரியாவிட்டால் மருந்துப் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போங்கள்.

வீராம்பட்டினம் அம்மாவும் அப்படித்தான் செய்தார். நான் கொடுத்திருந்த மூட்டுவலிச் சூரணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்க் காட்டியிருக்கிறார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் எழுந்து நடந்தார். தையல் பிரித்ததும் என்னைப் பார்க்க வந்தார், கையில் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டோடு.